ஏழாம் நம்பர் மலைக்கு நடந்த சபை

ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்துச் சபைக்கூடம் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஒன்பதேகாலுக்கு எழுந்து மலைக்கு நடந்து போகும். பதினாறு தகரம், ஆறு மரக்கால், உட்கார நாலு நீள வாங்கு, கூரையில் ஒரு சிலுவை, அவ்வளவுதான் அந்தக் கூடம். மஸ்கெலியாவிலிருந்து வருகிற பஸ் அந்த நேரத்துக்கு வளைவில் ஒதுங்கி வழி விடும்.

கட்டியவர் போதகர் ஜெயதீபன். யாழ்ப்பாணத்துக்காரர். அந்தத் தோட்டத்தில் ஒரு சபையை நாட்டிவிட்டு வா என்று ஹட்டன் ஊழியத் தலைமையகம் அவரை அனுப்பியிருந்தது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனுஷன், தகரத்தைத் தன் தலையில் வைத்துச் சுமந்தவர். ஆனால் தோட்டத்துப் பாடு அவருக்கு ஒரு துளி தெரியாது. தன் ஊர் வழக்கப்படி ‘ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆராதனை’ என்று பலகை எழுதி மாட்டிவிட்டார். கொழுந்து பொங்கி வருகிற மாதங்களில் அந்த நேரத்துக்கு லயத்து வீடுகளில் யார் இருக்கப் போகிறார்கள்? கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க அத்தனை பெண்களும் மலையில் நிற்பார்கள். அதை ஒருவரும் அவரிடம் சொல்லவுமில்லை. படித்த மனுஷன், காரணம் இல்லாமலா பத்து மணி என்று போட்டிருப்பார் என்று விட்டுவிட்டார்கள். ஐந்து மாதம் அவர் வாங்குகளுக்குப் பிரசங்கம் செய்தார். பிறகு ஒரு ஞாயிறு வேதப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “அவையள் வரேலாட்டி நாங்கள்தானே போகவேணும்” என்று தனக்குள் சொன்னார். கூடம் எழுந்தது. போதகர் வாங்கைப் பிடித்துக்கொண்டார். தேயிலை வரிசைகளைத் தாண்டி ஏழாம் நம்பர் மலைக்கு ஏறி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் போய் அது உட்கார்ந்தது.

முதலில் கண்டது அம்மாக்கண்ணு. அந்த மலையில் இருபத்திரண்டு வருஷமாகக் கொழுந்தெடுப்பவள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, “பாஸ்டர் ஐயா, மழ வருது, உள்ள வந்து நிக்கலாங்களா?” என்று கேட்டாள். “வாங்கோ அக்கா” என்றார் அவர். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு முப்பது பெண்கள் ஏறினார்கள். நெற்றியில் திருநீறு வைத்தவர்களும் வந்தார்கள், இஞ்சித் தேத்தண்ணி குடித்தார்கள், ஜெபம் முடியுமட்டும் இருந்தார்கள். அவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் பதினொரு குடும்பம் ஞானஸ்நானம் எடுத்தது. மண் சரிந்து ரோட்டு அடைபட்ட நாளில் கொழுந்தெடுக்கிற சுலக்ஷனாவுக்குப் பிரசவ வலி கண்டது; சபை அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் வரை நடந்தது. பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ.

போன வருஷம் தோட்டத்து ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. தோட்டக் காணியில் அனுமதியில்லாத கட்டடம், மாத முடிவுக்குள் பிரிக்க வேண்டும். கூடம் இல்லையென்றால் ஊழியத்தை மூடிவிட்டு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிட வேண்டியதுதான் என்று தலைமையகமும் சொல்லிவிட்டது. போதகர் பையைக் கட்டி வைத்தார். அம்மாக்கண்ணு வந்து, “நீங்க போயிட்டா எங்களுக்குன்னு யாருங்க இருக்கா?” என்று கேட்டுவிட்டு அழுதாள். அவரும் அழுதார்.

அந்த மாதக் கடைசி ஞாயிறு, தோட்டத்தை நடத்துகிற துரையும் மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு முத்துலிங்கமும் அளவு நாடாவோடு வந்தார்கள். நீளம் அளந்து, அகலத்துக்குப் போகையில் ஒன்பதேகால் ஆனது. கூடம் எழுந்து நடந்தது. நாடாவின் ஒரு முனை அதன் காலில் மாட்டியிருந்ததால் துரையும் சப்பாத்துச் சேற்றோடு பின்னாலேயே மலை ஏறினார். மடுவத்தடியில் முத்துலிங்கம் மூச்சு வாங்க, படிவத்தில் கட்டடம் உள்ள இடம் என்ற கட்டத்தைக் காட்டினார். “என்னா எடம்னு எழுதுறதுங்க, தொரை?” துரை கூடத்தைச் சுற்றி வந்தார், கால்களைத் தட்டிப் பார்த்தார், ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடித்தார். நடக்கிறதைக் கட்டடம் என்று எழுத முடியாது என்று தீர்ப்புச் சொல்லிக் கடிதத்தைக் கிழித்தார். ஒரே நிபந்தனை, புதுசாக நட்ட தேயிலைக் கன்றுகளை மிதிக்கக் கூடாது. போதகர் அப்பாடா என்று ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தனை நிம்மதியை அவர் அதற்கு முன் அறிந்ததில்லை.

அடுத்த ஞாயிறு கூடம் கன்று நட்ட மலையின் அடியில் சற்று நின்று யோசித்தது. பிறகு கால்களை ஒடுக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையால் பக்குவமாக ஏறியது. ஒரு கன்றும் சாயவில்லை என்று முத்துலிங்கம் ஆபீசில் போய்ச் சொன்னார். நல்லது என்ற துரை, உர லொறி வந்துவிட்டதா என்று விசாரித்தார்.

அன்று மத்தியானம் போதகர் பையை அவிழ்த்துச் சட்டைகளைக் கொடியில் போட்டுவிட்டு, யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து, தான் இனித் தோட்டத்திலேயே இருக்கப்போவதாக அம்மாவிடம் சொன்னார். கோயில் நடக்கிறதாமே, உண்மையோ என்று அம்மா கேட்டார். ஓம் என்றார் மகன்.

“அப்ப நீயும் சாப்பிட்டிட்டு நட, தம்பி” என்றார் அம்மா.