போதும் அட்டை

நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட 'டீச்சர்' என்ற பெயர் இந்தச் சிறப்புக் குழந்தைகள் மையத்திலும் அவளை விடவில்லை. பட்டம் வாங்கிப் பல வருஷம் கழித்து, வீட்டில் ஆயிரம் முணுமுணுப்புக்கு நடுவே, இப்படிப்பட்ட குழந்தைகளைப் பழக்குகிற நடத்தைப் பகுப்பாய்வுப் படிப்பில் சான்றிதழ் வாங்க வந்தவள். பாடமெல்லாம் முடிந்தாயிற்று. மேற்பார்வை மேடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற கடைசிப் பயிற்சி ஒன்றுதான் பாக்கி. மேடம் சரி என்றால் சான்றிதழ். இல்லையென்றால் இன்னொரு வருஷம் இழுக்கும்.

எதிரே சிட்டு. ஆறு வயசு. ஓரிடத்தில் நிற்காத கால், அதனால்தான் அந்தச் செல்லப் பெயர். பேச்சு இன்னும் வரவில்லை. ஆனாலும் அவளுக்கென்று ஒரு சொல் இருந்தது: உள்ளங்கைப் படம் போட்ட சின்ன அட்டை. மேஜை ஓரத்தில், பிய்த்துப் பிய்த்து ஒட்டுகிற வெல்க்ரோ பட்டையில் ஒட்டியிருக்கும். அதைப் பிய்த்து யார் கையில் கொடுத்தாலும் 'போதும்' என்று அர்த்தம். வாங்கினவர் செய்வதை உடனே நிறுத்திவிட வேண்டும். சொல்லிக்கொடுத்தவள் டீச்சர்தான். சிட்டு முதல் தடவை அதை நீட்டிய அன்று, அவள் அம்மா கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் நின்று விசும்பினாள்.

அந்த அட்டை இப்போது அலமாரி உச்சியில் கிடந்தது. "எதுக்கெடுத்தாலும் இதையே நீட்டுறா. வேலையே நடக்கல. எடுத்து மேல வைங்க" என்று போன வாரம் மேடம் சொல்லிவிட்டார். பேசாத பிள்ளையின் ஒரே சொல்லையும் பிடுங்கி அலமாரியில் வைக்கிறது என்ன படிப்போ! கேள்வி டீச்சரின் வாய் வரை வந்தது. சான்றிதழை நினைத்து மென்று விழுங்கிவிட்டாள்.

கட்டைகளை நிறம் பார்த்துப் பிரிக்கிற வேலை. சிட்டு சமர்த்தாகத்தான் ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய், விரல் மேஜை ஓரத்துக்குப் போனது. அங்கே வெறும் வெல்க்ரோ. சுரண்டினாள். இன்னொரு கட்டை வந்தது. மறுபடி சுரண்டினாள்.

"பாத்தீங்களா, புதுசா ஒரு கெட்ட பழக்கம்" என்றார் மேடம். "கண்டுக்காதீங்க. தானா நின்னுடும். அடுத்த கட்டையைக் கொடுங்க."

டீச்சரின் கை நீளவில்லை. கெட்ட பழக்கமா இது? அட்டை இருந்த இடத்தைச் சுரண்டிச் சுரண்டிக் கேட்கிறது குழந்தை. வேறே எப்படித்தான் கேட்கும்? ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மேடத்தின் மேல் மட்டுமல்ல, இத்தனை நாள் தலையாட்டிய தன் மேலும்தான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். அட்டையை எடுத்துவந்து பழைய இடத்தில் ஒட்டினாள். ஒட்டின கையோடு சிட்டு அதைப் பிய்த்து அவளிடமே கொடுத்தாள்.

"போதுமா? சரிடா கண்ணு, போதும்."

கட்டைகள் டப்பாவுக்குள் போயின. அட்டை மறுபடி மேஜை ஓரத்துக்கு வந்தது.

மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் சொன்னது காதுல விழலையா? கேட்டப்பல்லாம் நிறுத்தினா இவ எப்பத்தான் கத்துக்குவா?"

"கேக்கறதுக்குத்தானே மேடம் கத்துக்கொடுத்தோம்? அவ கேட்டா. நாமதான் வாயைப் பொத்திட்டோம். உங்க வாயைப் பொத்திட்டு யாராவது வேலை வாங்கினா சும்மா இருப்பீங்களா?"

"எனக்கே பாடம் எடுக்கறீங்களா? நீங்க தேர்றது என் கையில இருக்கு!"

அதோடு விட்டாரா? விதிமுறை, அனுபவம், நன்றி கெட்டத்தனம் என்று மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினார். குரல் ஏற ஏறச் சிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பிறகு ஒரு கையை மட்டும் எடுத்தாள். அட்டையைப் பிய்த்தாள். மேஜையைச் சுற்றிவந்து, காற்றில் ஆடிக்கொண்டிருந்த மேடத்தின் கையில் திணித்தாள்.

வருஷக்கணக்கில் ஊறிய தொழில். அட்டை உள்ளங்கையில் பட்டதும் மேடத்தின் வாய் தானாக மூடிக்கொண்டது.

சிட்டு இன்னொரு காதையும் விட்டாள்.

கதவு திறந்தது. சிட்டுவின் அம்மா. இவ்வளவு நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அட்டை தொலைஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே மேடம்?" என்று கேட்டாள்.

அந்த வருஷம் டீச்சருக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை. ஆனால் அந்த அட்டையை அலமாரி மேல் வைக்க அதற்கப்புறம் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.