பிங் கேட்டது, பதில் இல்லை

வெள்ளம் பெருகிய ஆற்றின் நீர்மட்டத்தைக் காட்டும் இணையதளம் மத்தியானம் திடீரென்று திறக்காமல் போனது. "சர்வர் படுத்துடுச்சு போல" என்று அலுவலகத்தில் சாதாரணமாகத்தான் சொன்னார்கள். நெட்வொர்க் பொறியாளரான அவளால் மட்டும் அப்படி விட முடியவில்லை. அந்த சர்வர் இருந்தது மேலாற்றின் கரையில், ஓர் அளவீட்டு அறையில். அங்கே தனியாக வேலையில் இருந்தவன் அவள் தம்பி. அவன் போனும் செத்துக் கிடந்தது.

கறுப்புத் திரையைத் திறந்து பிங் கட்டளையை அடித்தாள். "இருக்கியா?" என்று அந்த இயந்திரத்தைக் கேட்கிற கட்டளை. பதில் இல்லை. கேள்வி எதுவரை போகிறது என்று பார்த்தாள். மலையடிவாரக் கோபுரம்வரை போனது. அதற்கப்புறம், பதில் வரவில்லை என்பதைக் காட்டும் வெறும் நட்சத்திரக் குறிகள்.

மீட்புக் குழுத் தலைவரைக் கூப்பிட்டாள்.

"அங்க கரையே உடைஞ்சிருக்கும்மா. அறை நிக்குதான்னே தெரியல. இங்க ஜனங்க கூரை மேல நிக்கிறாங்க. ஆள் இருக்கான்னு தெரிஞ்சா சொல்லு, படகை அனுப்பறேன்."

அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. அதற்குள் அம்மாவின் அழைப்பு. "தம்பி சாப்பிட்டானாடி?"

"வேலையா இருக்கான்மா." சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தாள்.

பிங்கை ஓடவிட்டு, கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். சட்டென்று பதில் வரிகள் வரத் தொடங்கின.

"வந்துடுச்சு பாருங்க!" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"மெஷின் வந்துடுச்சு சார். ஆள்?"

கரண்ட் போனாலும், பேட்டரி பிடித்தால் இயந்திரம் தானாக எழுந்துவிடும், காலி அறையிலும். ஆனால் இணையதளம் எழ, யாராவது அங்கே உட்கார்ந்து பாஸ்வேர்டு அடிக்க வேண்டும். தளத்தின் பக்கத்தைக் கேட்கும் கர்ல் கட்டளையை அடித்தாள். இணைப்பு மறுக்கப்பட்டது. மறுபடி அடித்தாள். மறுக்கப்பட்டது. அவசரத்தில் முகவரி தப்பாக விழுந்தது. அழித்துவிட்டு அடித்தாள்.

இருநூறு. பக்கம் கிடைக்கிறது என்பதற்கான எண்.

"சார், ஆள் இருக்கான்!" மீட்புக் குழுத் தலைவரிடம் போனில் அலறினாள். "இப்பத்தான் கையால பாஸ்வேர்டு அடிச்சிருக்கான். படகை அனுப்புங்க!"

இடுப்பளவு தண்ணீர் நின்ற அறையில், கால் முறிந்து, அலமாரி மேல் சர்வரைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தவனைத் தூக்கி வந்தார்கள். மீட்புக் குழுவின் போனில் படகிலிருந்தே பேசினான்.

"அக்கா, கீழ்ப்பக்கத்து ஜனங்களை மேட்டுக்குப் போகச் சொல்லு. தண்ணி இன்னும் ஏறுது, தளத்தைப் பாரு."

"பாக்கறேன்டா. நீ முதல்ல வந்து சேரு, உன்னை வச்சுக்கறேன்" என்றாள், விக்கி விக்கி அழுதுகொண்டே.