கொண்டல் எங்கள் ஊருக்கு வந்தபோது

எங்கள் கடற்கரை ஊரின் கத்தோலிக்கக் கோயில் திருவிழாவில் மேடைக்கு முன்னால் ஒரு கயிறு கட்டுவார்கள். கயிற்றுக்கு வலப்பக்கம் ஆண்கள். அவர்கள் நிற்கலாம், ஆடலாம், சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே சுழற்றலாம். இடப்பக்கம் பெண்கள். மணலில் பாய் விரித்து உட்காரலாம். வேறென்ன செய்யலாம் என்று யாரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. எனக்கு அந்தக் கயிற்றைக் கண்டாலே எரிச்சல் வரும்.

2012ஆம் வருடத் திருவிழாவில் ஒரு நாள், மாலை ஆராதனை முடிந்ததும் 'கொண்டல்' பாடப்போகிறார்கள் என்று இளைஞர் இயக்கத்துப் பையன்கள் அறிவித்தார்கள். கொண்டல் என்பது குழித்துறைப் பக்கத்துப் பையன்கள் சேர்ந்து நடத்திய ராக் குழு. சினிமாப் பாட்டு ஒன்றுகூடப் பாட மாட்டார்கள். எல்லாம் சொந்தப் பாட்டு, எல்லாம் நம் பேச்சில். வடசேரியில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரில் சஜிதா அந்தப் பாட்டுகளை என் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். பஸ்ஸில் போகவர அவற்றைத்தான் கேட்பேன். பாடுகிற சுபினின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஒருமுறை நேரில் கேட்க வேண்டும், அதுவும் மேடைக்கு முன்னால் நின்று கேட்க வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது.

ஆனால் எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை டெல்வின் வளைகுடாவில், தோகாவில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எங்கள் கல்யாண ஓலையை இரண்டு தடவை வாசித்தாகிவிட்டது. வரும் ஞாயிறு மூன்றாம் ஓலை. அதற்குள் யாரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம் உறுதி. ஓலை வாசித்த பெண் கூட்டத்துக்கே போகக் கூடாது என்பார்கள். அம்மாவை நச்சரித்துத்தான் வந்தேன். அம்மா லேசுப்பட்டவளா? என்னைக் கொண்டுபோய் டெல்வினின் அம்மா குளோரி மாமியின் பாயிலேயே உட்கார வைத்தாள்.

"மாமிக்கப் பக்கத்துல இரி, லீமா. அப்பம் ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ" என்றாள்.

முதல் பாட்டு தொடங்கியது. பஸ்ஸில் காதுக்குள் சின்னதாகக் கேட்ட கிட்டார் இப்போது என் நெஞ்சுக்கூட்டை உலுக்கியது. பையன்கள் மணல் பறக்க ஆடினார்கள். நான் பாயில் சம்மணம் போட்டு, முழங்காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். மாமி என் முழங்காலில் கையை வைத்து அமுக்கினாள்.

இரண்டாம் பாட்டுக்கு மேடையில் விளக்கு எல்லாவற்றையும் போட்டார்கள். அதில்தான் வினை வந்தது. பெரிய டிரம்மின் முகத்தில் 'ஜீவ அக்கினி ஜெபவீடு' என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. எங்கள் மாவட்டத்தில் டிரம்மையும் கிட்டாரையும் சேர்த்துப் பார்த்தாலே பெரியவர்களுக்குப் பெந்தெகொஸ்தே நினைப்புதான் வரும். இதில் எழுத்து வேறு. ஊர்க் கமிட்டித் தலைவர் ஏசுஅடிமை மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கினார்.

"நிறுத்துங்கலே! நம்ம கோயில் மேடையிலேயே சபைக்கு ஆளு பிடிக்க வந்தியளா?"

"ஐயோ மாமா, டிரம்மு மட்டுந்தான் சித்தப்பாக்க ஜெபவீட்டுல இரவல் வாங்கினது. பாட்டு எங்களுக்கதாக்கும்" என்றான் சுபின்.

"ஒரு கதையும் சொல்லாண்டாம். கெட்டுலே மூட்டைய!"

மைக்கை அணைத்துவிட்டார்கள். சட்டையைச் சுழற்றிய வீரர்கள் எல்லாம் சத்தமில்லாமல் சட்டையைப் போட்டுக்கொண்டார்கள். அழைத்து வந்த இளைஞர் இயக்கத்துக்காரர்களைக் காணவே காணோம். சுபின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தான். "நல்லதாப் போச்சு. என்னா சத்தம்!" என்றாள் மாமி. எனக்குத் தலைக்குள் தீப்பிடித்ததுபோல் இருந்தது.

எழுந்தேன். அம்மா என் தாவணியைப் பிடித்தாள். "ஏட்டி, இரி. ஞாயிற்றுக்கெழம மூணாம் ஓலையாக்கும்."

அது தெரியாமலா எழுந்தேன்? தாவணியை அவள் கையிலிருந்து உருவிக்கொண்டு, கயிற்றைத் தூக்கி, குனிந்து அந்தப் பக்கம் போனேன்.

"மாமா, இது சபைப் பாட்டு இல்ல. இவங்க நம்ம மண்ணெண்ணப் பாடு எல்லாம் பாடுதாவ."

ஏசுஅடிமை குனிந்து பார்த்தார். "ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கு எல்லாப் பாட்டும் தெரியும்."

"அப்பம் பாடு, கேப்போம்" என்று சிரித்தார். வெட்கப்பட்டு ஓடிவிடுவேன் என்று நினைத்திருப்பார். நான் வாயைத் திறந்தேன். மைக் இல்லை, எனக்குக் குரலும் இல்லை.

"கேனோட வரிசையில நிக்கேன், கடலே, கொஞ்சம் பொறுத்துக்க..."

முதல் வரியிலேயே தொண்டை உடைந்தது. விடவில்லை. படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஊரே கரையில் கிடந்த நாட்கள் அவை. சுபின் என்னோடு சேர்ந்து பாடினான். டிரம்காரன் பையத் தட்டினான். முதலில் பாயில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்த வரி திரும்பி வந்தபோது அவர்களும் பாடினார்கள், அவரவர் கோபத்தோடு பாடினார்கள். ஏசுஅடிமையின் வள்ளமும் அந்த வாரம் கரையில்தான் கிடந்தது.

பாட்டு முடிந்ததும் அவர் தலையைச் சொறிந்தார். "இத மொதல்லயே சொல்லப்பிடாதாலே?" என்று சுபினையே திட்டினார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து டிரம்மின் எழுத்து மறையும்படி அவரே கட்டிவிட்டார். மைக் உயிர்பெற்றது. பையன்களின் சட்டைகளும் மறுபடி கழன்றன.

குளோரி மாமி எழுந்து கயிறு வரை வந்து, பெண்கள் பக்கமே நின்றாள். கோபமாகக்கூட இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"மக்ளே, இப்பம் வந்து எனக்கப் பக்கத்துல இரி. நான் ஒண்ணையும் பாக்கல. டெல்வினுக்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

டெல்வின் நல்லவர். போனில் மென்மையாகப் பேசுவார். அவரை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மாமி சொன்ன இடத்தில் இன்று போய் உட்கார்ந்தால் ஆயுசுக்கும் அங்கேதான் உட்கார வேண்டும்.

"இன்னும் பாட்டு இருக்கு மாமி. முடிஞ்சதும் வாறேன்."

"முடிஞ்ச பெறவு வராண்டாம்."

அம்மா பாயில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது.

"செரி மாமி" என்றேன். பிறகு திரும்பி, பையன்களை இடித்துத் தள்ளிக்கொண்டு மேடைக்கு முன்னால் போய் நின்றேன்.