நடுச்சில்லு

காற்றில் வெள்ளைத் துணி ஒரு பக்கம் விலகியபோதே இசபெல் பார்த்துவிட்டாள். மகன் றொஜனின் கல்லறைக் கல்லில், மூன்று பெரிய சக்கரங்களோடு ஒரு ரயில் எஞ்சின் நின்றது.

"இஞ்சாருங்கோ, இந்தப் படம் எங்கயிருந்து எடுத்துக் குடுத்தனீங்கள்?"

"ஏன், வடிவில்லையோ?" அவள் கணவர் யாக்கோப்பு கையுறையைக் கழற்றிவிட்டுக் கல்லின் விளிம்பைத் துடைத்தார். "நானும் அவனும் மியூசியத்துக்குப் போனமெல்லே, அண்டைக்கு என்ர போனில எடுத்தது. அவன் சிரிச்சுக்கொண்டு நிண்ட ஒரே படம். அவனை விட்டிட்டு எஞ்சினை மட்டும் கீறச் சொன்னனான். உமக்கு இண்டைக்குத்தான் காட்டுவம் எண்டு இருந்தனான்."

"வடிவாத்தான் இருக்கு" என்று சொல்லித் துணியை இழுத்து மூடினாள்.

கார்த்திகை மாதக் கல்லறை மந்திரிப்பு. லண்டன் வெஸ்ட் ஈலிங் பங்குச் சனம் குடைகளோடு நின்றது. சுவாமியார் அடுத்த வரிசையில் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார்.

றொஜனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எஞ்சின்தான் எஞ்சின். அதைப் பற்றி அவன் சொன்னதெல்லாம் அவள் காதுக்குள் அப்படியே கிடந்தது.

"விக்டோரியா ராணி காலத்து எக்ஸ்பிரஸ், அம்மா. பக்கத்துக்கு ஒண்டே ஒண்டுதான் பெரிய சில்லு. ஆளைவிட உயரமான சக்கரம். எங்கட ஈலிங்காலதான் பறந்து போனது."

"இப்ப எங்கையடா நிக்குது?"

"ஒண்டும் இல்லை. எல்லாத்தையும் உடைச்சு இரும்புக்குப் போட்டிட்டாங்கள்." செத்த வீட்டில் பேசுவதுபோல் குரல் இறங்கிவிடும்.

இடையில் யாக்கோப்பு, "கரிக்கோச்சி எஞ்சின் எல்லாம் ஒண்டுதானே" என்பார்.

"பிழை, அப்பா."

"வாயைத் திறந்தால் பிழை, பிழை. நீ என்ன வாத்தியாரோ?"

பிறகு இரண்டு பேரும் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு அறைக்குப் போவார்கள். வளர்ந்த பிள்ளையும் தகப்பனும், வருஷக்கணக்காக இப்படித்தான்.

அந்த மியூசியப் பயணம் மட்டும் வேறு. யாக்கோப்பு யாருக்கும் சொல்லாமல் ஷிப்டை மாற்றிக்கொண்டு, "வெளிக்கிடு" என்று மகனைக் காரில் ஏற்றினார். பின்னேரம் திரும்பி வந்த றொஜன், அவள் மீன் பொரித்துக்கொண்டிருந்த அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தினான்.

"அது என்ர எஞ்சின் இல்லை, அம்மா. பிறகு வந்த வேற கிளாஸ். மூண்டு சில்லு."

"அப்பாட்டச் சொன்னியே?"

"இல்லை. 'இந்தா பார், உன்ர எஞ்சின்' எண்டு கையைக் காட்டினார். அந்த முகத்தைப் பாத்திட்டுச் சொல்ல ஏலாமல் போச்சு. நீங்களும் சொல்லாதேங்கோ."

ஊருலகத்தையே திருத்தியவன் அன்றைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கொண்டான். அடுத்த ஈஸ்டருக்கு முன்னால், வேலைக்குப் போன இடத்தில் அவன் இதயம் நின்றுவிட்டது.

"அன்ரி!"

கஸ்பர் பூங்கொத்தோடு வந்துகொண்டிருந்தான். றொஜனின் கூட்டாளி, அவனைப்போலவே ரயில் பைத்தியம். ஓர் ஆணி இடம் மாறினாலும் இரண்டு பேரும் பாதி நாள் வாதாடுவார்கள். இவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தகப்பனுக்கும் மகனுக்கும் இடையில் மிஞ்சியிருந்த அந்த ஒரு நாளும் போய்விடும். இசபெல் ஓடிப்போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"தம்பி, கல்லைப் பாத்து ஒண்டும் சொல்லாதை."

"ஏன் அன்ரி?"

அதற்குள் சுவாமியார் வந்துவிட்டார். செபம் முடிந்து துணி விலகியது. கஸ்பரின் கண் சக்கரத்திலிருந்து சக்கரத்துக்குப் போனது.

"அன்ரி, இது வேற..."

அவள் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "தெரியும். றொஜனுக்கும் தெரியும்."

யாக்கோப்பு திரும்பினார். "என்ன தம்பி, சரியோ? நீயும் அவனும்தானே இதில புலியள்."

கஸ்பர் கல்லுக்குக் கிட்டக் குனிந்தான். "புகைபோக்கி நல்ல வடிவா வந்திருக்கு, அங்கிள்."

"பாத்தீரே இசபெல்! கஸ்பராலயே பிழை பிடிக்க ஏலாது!" மகன் போன பிறகு இன்றைக்குத்தான் அவர் சிரித்தார். பாதியிலேயே அந்தச் சிரிப்பு உடைந்துபோனது. "அவன் நிண்டிருந்தால் இதிலயும் ஒரு பிழை கண்டுபிடிச்சிருப்பான். ஒருக்கா வந்து சொல்லிப்போட்டுப் போனாலும் போதுமே..."

அந்தச் சொல் இசபெலின் நாக்கு நுனியில் நின்றது. 'பிழை, அப்பா' என்று அவனுக்காக அவள் சொல்லலாம். அடுப்படியில் அவன் கேட்டுக்கொண்டது மீன் மணத்தோடு நினைவுக்கு வந்தது. விழுங்கினாள்.

குனிந்து, கொண்டுவந்த இரண்டு செவ்வந்திச் சாடிகளையும் எடுத்தாள். ஒன்றை முன் சக்கரத்துக்கு நேரே வைத்தாள், மற்றதைப் பின் சக்கரத்துக்கு நேரே. இடையில் மெழுகுதிரியை ஏற்றினாள்.

"ஏன் படத்தை மறைக்கிறீர்?"

"காத்தடிக்குது. திரி நூர்ந்து போயிடும்."

மதிலுக்கு அப்பால் பாடிங்டன் பக்கம் ஒரு ரயில் போனது. சாடிகளுக்கு நடுவே, சுடருக்குப் பின்னால் ஒரே ஒரு பெரிய சக்கரம் தெரிந்தது. கஸ்பர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

யாக்கோப்பு முழங்காலைப் பிடித்தபடி மெல்லக் குனிந்தார். "அப்ப இன்னும் கொஞ்சம் கிட்ட வையும்" என்று சொல்லி, இரண்டு சாடிகளையும் தன் கையாலேயே நெருக்கி வைத்தார்.