இரண்டு ட்யூப், ஒரே ரத்தம்

"இந்த ரெண்டு ட்யூப்லயும் ஒரே ஆளோட ரத்தம்தான் இருக்கு" என்றார் டாக்டரம்மா. ஓசூர் கிளினிக்கில் ஏசி ஓடியும் எனக்கு முதுகு நனைந்தது. ஒரு ட்யூபில் சுவாதி என்று என் பெயர். இன்னொன்றில் என் தங்கை பிரவீனாவின் பெயர். அவள் என் பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் என் திருட்டு வேலை. எங்கள் அப்பா பெருமாள் நாற்பது வயதிலேயே தள்ளாட ஆரம்பித்தார். சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத மனுஷனுக்கு எங்கள் ஊர் நாகரசம்பட்டியே குடிகாரப் பட்டம் கட்டியது. பெங்களூரிலிருந்து வந்த டாக்டரம்மாதான் இது குடும்ப நோய் என்றார். ஜீனில் ஓரிடத்தில் மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருமாம். அப்பாவுக்கு அது அளவுக்கு மீறி நீண்டுவிட்டதாம். பிள்ளைகளுக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பழைய முறையில் அதைத் துண்டு துண்டாகப் படித்தால் எல்லாம் ஒன்றுபோலிருந்து எண்ணிக்கை தப்பும். புது மெஷின் அந்த இடத்தை ஒரே இழையாக, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை படித்துவிடும் என்றார்.

பிரவீனாவுக்குப் பேரிகை ஊரில் மாப்பிள்ளை பேசியிருந்தோம். ஹரீஷ்குமார் வீட்டில் விஷயம் தெரிந்ததும், "ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் தட்டு மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். ரத்தம் எடுக்க நர்ஸ் எங்கள் ஊருக்கு வந்த அன்று இவள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டாள். "எனக்கு இருந்துட்டா என்னாக்கா பண்றது? நான் வரமாட்டன்."

போச்சம்பள்ளி ஷூ கம்பெனியில் எங்களுக்குள் ஒரு பழக்கம். ஒருத்திக்குக் கை ஓடாத நாளில் அவள் டார்கெட்டைப் பக்கத்து மெஷின்காரி தைத்துத் தள்ளுவாள். பெயர் அவளுக்கே ஏறும். அதையே இங்கும் செய்தேன். ரத்தம் கொடுக்க வந்த சொந்தக்காரர் கூட்டத்தில் நர்ஸ் என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. இடது கையில் சுவாதியாகக் கொடுத்தேன். துப்பட்டாவை மாற்றிக்கொண்டு போய் வலது கையில் பிரவீனாவாகக் கொடுத்தேன். எனக்கென்ன, ஓவர்டைம் பார்த்தும் களைக்காத உடம்பு, ரிப்போர்ட் சுத்தமாக வரும் என்று நினைத்தேன். அவ்வளவு திமிர்.

"நீங்க ரெண்டு பேரும் ட்வின்ஸா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இல்லீங்க" என்றாள் பிரவீனா.

"முடிவு என்கிட்ட இருக்கு. யாரோடதுன்னு தெரியாம சொல்ல மாட்டேன்."

அவர் முகத்தைப் பார்த்தேன். நல்ல சேதி சொல்கிற முகமாகத் தெரியவில்லை. 'தங்கச்சியோடது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் தலையில் கட்டிவிட்டு நான் எழுந்து போய்விடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"என்னோடதுங்க. ரெண்டுமே என்னோடது."

தங்கை வெளியே இருக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

"அந்த மூணெழுத்து முப்பது தடவை வரைக்கும் வந்தா பயமில்ல. உங்களுக்கு நாப்பத்திநாலு இருக்கு, சுவாதி."

அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. மேசைக்கடியில் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரவீனா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு சுடிதார் கையைச் சுருட்டிவிட்டு மேசைமேல் நீட்டினாள். "எனக்கும் எடுங்க மேடம். கல்யாணம் நடந்தா நடக்குது, நின்னா நிக்குது. அக்கா ஒத்தையா கெடக்கக் கூடாது."

ஊசி இறங்கும்போது மறு கையால் என் விரல்களை நெரித்தாள். இவளுக்கு ஒன்றும் இருக்கக் கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டேன். அதற்கு முந்தின நொடியில், இவளுக்கும் இருந்துவிட்டால் எனக்குத் துணையாகுமே என்று நினைத்தேன். அதை அவளிடம் சாகும்வரை சொல்லமாட்டேன்.