இளவரசியின் பத்தி

மூன்று பிள்ளைகள் ஒரே கட்டுரையை இணையத்தில் சேர்ந்து எழுத வேண்டும், ஆளுக்கு ஒரு பத்தி. ஒருவர் எழுதுவது மற்றவர் திரையிலும் தெரியும். மாவட்டப் போட்டி. தலைப்பு ‘எங்கள் வீட்டு வேலை’. இன்று மாலை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும், ஒரு பத்தி குறைந்தாலும் தள்ளிவிடுவார்கள். இதையெல்லாம் யோசித்தவர் விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம் ஒரு நாளாவது வந்து எங்கள் பள்ளிக் கணினிகளோடு மல்லுக்கட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வந்து, அங்கே இன்னொரு பஸ் பிடித்து இங்கே பாடம் நடத்த வருகிறவள். முருகையன் எழுதிவிட்டான், கலைப்பிரியா எழுதிவிட்டாள். மூன்றாவது ஆள் இளவரசி, கரும்பு வெட்டப் போன அப்பா அம்மாவோடு திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் போய்ப் பத்து நாளாகிறது. பேரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடவும் வழியில்லை, பதிவு முடிந்துவிட்டது.

மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் நானே உட்கார்ந்து எழுதினேன். எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான், நான் மட்டும் என்ன உத்தமியா? ‘கரும்பு எங்கள் மண்ணின் பெருமை. அறுவடைக் காலத்தில் எங்கள் இல்லத்தில் ஆனந்தம் பொங்கும்’ என்று சரளமாக வந்தது. எனக்கே பிடித்துப்போனது.

மூன்றரைக்குக் கடைசியாக ஒரு முறை படிக்கத் திறந்தால், ஆனந்தம் கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் போனது. பக்கத்துக் கணினியில் இருந்த முருகையனின் காதைப் பிடித்துத் திருகிவிட்டேன். அவன் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினான். எழுத்து போய்க்கொண்டேதான் இருந்தது. கலைப்பிரியா திரையின் மேல் மூலையைக் காட்டினாள். அங்கே ஜெகதீசன் என்று ஒரு பேர் இருந்தது. இளவரசியின் அப்பா.

“அவதான் மிஸ். மதியானம் சத்துணவு அக்கா போன்ல அவங்க அப்பாவுக்குப் பேசினேன். உன் பத்திய மிஸ்ஸே எழுதிக்கினு இருக்காங்கன்னு அவகிட்ட சொன்னேன். கட்டுரை லிங்க்கும் அனுப்பினேன்” என்றான் முருகையன், காதைத் தேய்த்துக்கொண்டே.

என் பத்தி முழுதும் போன இடத்தில் ஒரு எழுத்து வந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். அழித்ததைத் திரும்பக் கொண்டுவர ஒரே அழுத்து போதும், கை மவுஸ் மேலேயே இருந்தது. மூன்று நாற்பதுக்கு முதல் வரி முடிந்தது.

‘கரும்பு சோக கைய அறுக்கும். அம்மா பழைய சாக்ச கையில மாட்டிக்கினு வெட்டுது. நான் தம்பிய பாத்துக்கறேன். சோறு ஆக்குறேன். அதயும் வேலன்னு எழுதலாமா தெரில.’

பிழைகளைத் திருத்த விரல் துடித்தது. அடக்கிக்கொண்டேன். மூன்று ஐம்பத்தாறுக்கு, ஒரு வரி வேகமாக விழுந்தது.

‘அப்பா போன் கேக்குது. மீதி வந்து எழுதறேன்.’

மூலையிலிருந்து பேர் மறைந்தது. அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிடலாம் என்று நான் கையை நகர்த்தினேன்.

“இருக்கட்டும் மிஸ், அதுவும் அவ எழுதினதுதானே” என்றான் முருகையன்.

அப்படியே அனுப்பினேன். மணி மூன்று ஐம்பத்தொன்பது. பரிசு கிடைக்காது, அது எனக்குத் தெரியும். இரண்டு பேரும் கை தட்டினார்கள். பிறகு கலைப்பிரியா, “அவ எப்ப மிஸ் வருவா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. ஜெகதீசன் நம்பர் பத்து நாளாக என் போனிலும்தான் இருந்தது.