கடலோரக் கேமரா

இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் தாதி வேலை கிடைத்திருக்கிறது என்று மகள் மலர்விழி சொன்னதும் தம்புசாமி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "வேணாம்."

மலேசியாவில், கிள்ளான் வீட்டில் அவருக்கு இருப்பது அவள் ஒருத்திதான். மனைவி தவறி நான்கு வருஷமாகிறது. இவளும் கிளம்பிவிட்டால் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது? அதுதான் பயம். வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அதனால் அவள் போகவிருந்த ஊரைக் குறை சொல்வதென்று முடிவெடுத்தார்.

அது சின்னக் கடலோர ஊர். அதன் கடற்கரையை நாள் முழுக்கக் காட்டும் கேமரா ஒன்று இணையத்தில் இருந்தது. குறை பிடிக்க வேறென்ன வேண்டும்? தினமும் நான்கு மணிக்குத் தேத்தண்ணியோடு உட்கார்ந்தார். அங்கே அப்போது காலை ஒன்பது.

முதல் வாரம் குறைக்குப் பஞ்சமில்லை. வெயிலைக் காணோம். கடல்பறவை ஒன்று பெரியவர் கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு பறந்தது. இரண்டாவது வாரம், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மணலில் நடக்கும் கழுதைகளுக்குப் பெயர் வைத்தார்.

மூன்றாவது வாரம் தங்கை உஷாராணி வந்தாள். "வேணாம்னு சொன்னது நல்லதுதான் அண்ணே. மழையும் குளிரும். கெழவங்க ஊருதான் அது. என்னா இருக்கு அங்க?"

தம்புசாமிக்குச் சுருக்கென்றது. "என்னா இருக்கா? மழை வந்தா நாம மோரிப் கடற்கரையில காருக்கு ஓடுறோம். அவங்க கோட்ட மாட்டிக்கிட்டு அங்கயே உக்காந்திருக்காங்க. கடலுக்குள்ள ஒரு பாலம், எங்கயும் போகல. சும்மா நடந்துட்டு வராங்க. ஒரு பாட்டி, அந்தக் குளிர்ல தெனம் ஐஸ்கிரீம் வாங்குது! கலர் கலரா குட்டிக் கொட்டாய், உள்ள ரெண்டு நாற்காலி. கடலப் பாத்துக்கிட்டே இருக்காங்க. யாருக்கும் அவசரம் இல்ல."

மூச்சு வாங்கத் திரும்பியபோதுதான் சமையலறை வாசலில் மலர்விழி நிற்பது தெரிந்தது. வசமாக மாட்டிக்கொண்டார்.

"அப்புறம் ஏம்ப்பா வேணாம்னீங்க?"

கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்: "தனியா சாப்பிடணுமேம்மா."

செப்டம்பரில் அவள் போனாள். முதல் ஞாயிற்றுக்கிழமை, அவள் சொல்லியிருந்தபடி மதியச் சோற்றை நான்கு மணிவரை தள்ளிப்போட்டு, தட்டோடு கணினி முன் உட்கார்ந்தார்.

பாலத்தடிப் பெஞ்சில் ஒரு சிவப்புக் கோட்டு வந்து உட்கார்ந்தது. முகம் தெரியாத தூரம். கோட்டு வாங்கிக் கொடுத்தது அவர்தான், தெரியாதா? அவள் கேமரா பக்கம் கையாட்டிவிட்டு மடியில் டப்பாவைத் திறந்தாள். இவர் சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் எடுத்து வைத்தார்.

பாதிச் சாப்பாட்டில் பெஞ்சின் முதுகில் வெள்ளையாக ஏதோ வந்து இறங்கியது.

"பறவைம்மா!" எச்சில் கையோடு எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கத்தினார். "டப்பாவ மூடு!"